பெண் வராத கல்யாணத்தில் நீ வாசித்தது

தம்பி, ராசா, பெரிய மனுசா,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்தில் என்னை அப்படி நடுவில் வெட்ட முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் வேறெங்கோ வைத்திருப்பேன். நீ வாசிக்கிற ஜாஸ் மாதிரி என்று நினைத்துக்கொண்டு படி. இதை நீ நாலு பேருக்குக் காட்டாமல் இருக்கமாட்டாய் என்று தெரியும். அதனால் அவர்களுக்கும் விளங்குகிற மாதிரியே எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். வருகிற ஆடியில் நாங்கள் வேலை பார்க்கிற கல்யாண மண்டபத்தைப் பேசி வைக்க வேண்டும். அன்றைக்கு வந்த மாதிரியே ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டி உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குப் பேசியது போலவே அவர்கள் பேச வேண்டும். கம்பெனிக்காரர்கள் அந்த ரெக்கார்டுக்கு இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய் பார், "இத வுட்டா என்னை மறந்துடுவாங்கம்மா" என்று, அதுதான் மண்டபம் கூட்டும்போதும் அண்டா தேய்க்கும்போதும் என் கூடவே வருகிறது.

மறந்துவிடுவார்கள் என்கிற பயம் உனக்கு எப்போது வந்தது? சின்ன வயதில் உனக்கு அந்தப் பயம் கிடையாது. மாதா கோயில் கீபோர்டில் உன்னை உட்கார வைத்தபோது காணிக்கைப் பாட்டு முடிந்து சாமியார் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், நீ பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருப்பாய். அந்த மேஸ்திரி செத்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? பெட்டியைத் தோளுக்குத் தூக்கிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் நடக்க வேண்டும் என்பது வழக்கம். நீ முடிக்கிற மாதிரி வருவாய், அவர்கள் ஒரு காலை எடுத்து வைப்பார்கள், நீ மறுபடி எங்கேயோ திரும்பிக்கொள்வாய், அவர்கள் காலைப் பின்னால் வைப்பார்கள். பெட்டி முன்னாலும் பின்னாலுமாக ஆடியது. மேஸ்திரி சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு, "யார்றா அந்தப் பையன், எங்க ஊட்டுக்காரருக்குத் தொட்டில் ஆட்டறான்!" என்று கேட்டதில் பெட்டி தூக்கினவர்களே சிரித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ அதற்கும் சிரித்தாய். "பாட்டு அங்க போவுதும்மா, நான் என்ன பண்றது?" என்றாய்.

உன் பாட்டு எங்கே போகிறது என்று எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கிளம்பும், பென்னாகரத்தில் இறங்கி டீ குடிக்கும், ஒகேனக்கல் வரை போய்க் கால் நனைக்கும், திரும்பி வரும்போது வேறு வழியாக வந்து நம் வீட்டு வாசலில் நிற்கும். வந்து சேர்ந்ததும்தான் அட, கிளம்பின பாட்டு இதுதானே என்று தெரியும். உன் அப்பா அதைக்கூட ஒத்துக்கொள்ளமாட்டார். "வழி தெரியாதவன் சுத்தறான், நீ டூருன்னு சொல்ற" என்பார். மண்டபத்தில் ஜெனரேட்டரும் மைக் செட்டும் பார்க்கிற மனுசன், சத்தம் என்றால் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு.

நீ பெங்களூர் போய் ஓட்டல் வாசலில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாசித்த வருசங்களில் முதல் ரெக்கார்டைப் போட்டாய். ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடித் தட்டு அனுப்பினாய், சொந்தக்காரர்களுக்குக் கொடு என்று. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி யார் வீட்டிலும் இல்லை. உன் அப்பா அவற்றைக் கயிற்றில் கோத்துக் கொய்யா மரத்தில் கட்டினார். வெயிலில் பளபளவென்று ஆடியதில் அந்த வருசம் ஒரு கிளி வரவில்லை. பழம் தின்ன வந்த எல்லாரிடமும் "எம் பையன் ரெக்கார்டுங்க" என்று மரத்தைக் காட்டினார். நீ ஊருக்கு வந்து பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கொய்யா தின்றுகொண்டே, "இதுக்காச்சும் ஒதவுச்சே" என்றாய். அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது ரெக்கார்டு போட்டபோது பெங்களூரில் ஒரு ஹாலில் வாசிக்கிறாய் என்று எங்களை வரச் சொன்னாய். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே போனால், கடவுளே, கேட்க வந்தவர்களைவிட டிக்கெட் கிழிக்கிறவர்கள் அதிகம். நீ மேடையில் உட்கார்ந்து காலி நாற்காலிகளைப் பார்த்த பார்வை என்னால் தாங்க முடியவில்லை. முதல் பாட்டு முடிந்து விளக்கு மங்கியதும் உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிங்க, அந்தப் பக்கம் போய் உக்காரலாம்." "எதுக்குடி?" "அந்தப் பக்கம் காலியா இருக்குது, அவன் பாக்கறான்." ஒரு பாட்டுக்கு இடது ஓரம், ஒரு பாட்டுக்கு நடுவில், ஒரு பாட்டுக்குக் கடைசி வரிசை. உன் அப்பா முட்டி வலியோடு படி ஏறி இறங்கினார். நாலாவது பாட்டில் நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய், நாங்கள் குனிந்தபடி வரிசை மாறிக்கொண்டிருந்தோம், உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தப்பியது. தப்பிய இடத்தை மறுபடி மறுபடி வாசித்து அதையே ஒரு பாட்டாக்கிவிட்டாய். நான் கேட்டதில் அன்றைக்கு அந்த இடம்தான் உசத்தி.

அப்புறம்தான் மூன்றாவது. பெங்களூரில் இடம் பிடிக்க வசதி இல்லை, ஆடியில் நம்ம மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே வைத்துக்கொள்கிறேன் என்று நீயே ஓனரிடம் பேசினாய். ஹால் நடுவில் நின்று ஒரு கை தட்டினாய், சத்தம் சுற்றிக்கொண்டு வந்தது, "இதும்மா, இதான்" என்று குதித்தாய். ஓசூர் தாண்டி லாரியில் வந்து இறங்கிய பியானோவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கறுப்பு எருமைக்கு மூன்று கால் வைத்த மாதிரி இருந்தது. பந்திக்கு அண்டா தூக்குகிற ஆட்கள்தான் அதையும் தூக்கினார்கள், "ரசம் சிந்திடப் போவுதுடா, நேராப் புடி" என்று சொல்லிக்கொண்டே. உன்னோடு டிரம்ஸ் அடிக்கிற அந்தப் பெண் வந்தது. ஆள் உயர வயலினை வைத்துக்கொண்டு அந்தக் கன்னடத்துப் பையன் வந்தான், என்னைப் பார்க்கிறபோதெல்லாம் "ஊட்டா ஆய்த்தாம்மா?" என்று சாப்பிட்டேனா என்று கேட்பானே, அவன். ரெக்கார்டு செய்கிற தாடிக்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறையில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தப்பு எங்கே நடந்தது என்றால் விளக்கில். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்றாய். நம் மண்டபத்தில் ஹால் விளக்குக்கும் வாசல் சீரியல் லைட்டுக்கும் ஒரே சுவிட்ச். உன் அப்பா போட்டார், வாசல் பச்சையும் சிவப்புமாக மின்னியது. ஆனி கடைசியில் நடந்த கல்யாணத்து வாழைமரம் வேறு இன்னும் கட்டியே இருந்தது. ஆடியில் மண்டபத்தில் லைட் எரிந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? வேதக்கார வீட்டு, அதாவது நம்ம கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம் என்றுதான். நமக்குத் தவக்காலம்தானே ஆகாது, ஆடியைப் பற்றி என்ன. அன்றைக்கென்று பார்த்து அதே ரோட்டில் இரண்டு மண்டபம் தள்ளி நிஜமாகவே ஒரு வேதக்காரக் கல்யாணம். பென்னாகரம் பக்கமிருந்து வந்த வேன் நம் வாசலில் நின்றுவிட்டது.

நீ அப்போதுதான் வாசிக்க ஆரம்பித்திருந்தாய். கண்ணை மூடிக்கொண்டால் உனக்கு உலகம் கிடையாது. நான் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கிறேன், பூவும் பட்டுமாகப் பெண்கள், தோளில் துண்டோடு ஆண்கள், கையில் பரிசுப் பொட்டலம், வரிசையாக வந்து உட்கார்கிறார்கள். பியானோ வாசிப்பதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை, நம் கல்யாணத்தில் வாசிக்கிற வழக்கம்தானே. அவர்களில் பெரியவர் சூசை, பின்னால்தான் பெயர் தெரிந்தது, உட்கார்ந்தபடியே என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஏங்க, நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

நான் என்னத்தைச் சொல்ல? என் பையன் மேடையில் இருக்கிறான். "மாப்ள ஊடுதானுங்க."

"மாப்ள எங்கீங்க?"

"அதோ, வாசிக்கறாருங்களே."

"மாப்ளயே வாசிக்கறாரா! பொண்ணு?"

"வரும், வரும். உக்காருங்க."

வாசலைக் காட்டி அவர்களை அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் தம்பி, அத்தனை வருசத்தில் உன் முன்னால் ஒரு வரிசை நாற்காலி நிறைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணமகள் அறைக் கதவு திறந்தது. எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். தாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். "பொண்ணு ரூமுல ஆம்பளைக்கு என்னங்க வேலை?" என்றார் சூசை. "போட்டோக்காரருங்க" என்றேன். அவர் நம்பவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தது பேச்சு. பொண்ணு வரமாட்டேன்கிறதோ? வேறு ஏதாவது சமாச்சாரமோ? நீயோ அந்த நேரம் பார்த்து அந்த மெதுவான பாட்டுக்குள் போனாய். அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு நிறுத்தி, இன்னொன்றைத் தொட்டுவிட்டு நிறுத்தி. முன் வரிசையில் இருந்த தெரசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், "ஐயோ, பொண்ணு வரலன்னு எப்பிடித் தவிக்கறான் பாரு. ஒத்த ஒத்தையாத் தொடறான் பாரு, பாவம்." பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் டிரம்ஸ் வேகம் பிடித்ததும், "இப்ப கோவம் வந்துருச்சு" என்றாள். நீ திரும்பப் பழைய இடத்துக்கு வந்ததும், "மனசைத் தேத்திக்கிட்டான். நல்ல புள்ள" என்றாள். எனக்கு இத்தனை வருசம் விளங்காத உன் பாட்டை அவள் பெண் வராத கல்யாணத்தை வைத்து ஒரே மூச்சில் விளக்கிவிட்டாள்.

அப்போதுதான் சூசையின் போன் அடித்தது. அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டது: "எங்கய்யா இருக்கீங்க, கடைசிப் பந்தி போட்டாச்சு!" மொத்தப் பேரும் எழுந்தார்கள். நாற்காலி இழுபட்ட சத்தத்தில் நீ கண்ணைத் திறந்தாய். ஒரு கல்யாணக் கூட்டமே எதிரில் நிற்கிறது. மிரண்டுபோவாய் என்று நினைத்தேன். நீ அவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் நடக்கிற நடைக்கே வாசித்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாய். தெரசா மட்டும் மேடையேறி உன் கன்னத்தைத் தொட்டு, "வேற பொண்ணு கெடைப்பா சாமி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த வாக்கு இன்றுவரை பலிக்கவில்லை, அதை நான் மறக்கவும் இல்லை, அது வேறு கடிதம்.

அவர்கள் பேசின சத்தம் எல்லாம் ரெக்கார்டில் சேர்ந்துவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்றார் தாடிக்காரர். இல்லை, இப்படியே இருக்கட்டும் என்றாய். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். யாரோ ஒருத்தர் கேட்டு இன்னொருத்தருக்குச் சொல்ல, கடல் தாண்டி எங்கெங்கோ போனது அந்த ரெக்கார்டு. டிக்கெட் கிழிக்கிறவர்கள் மட்டுமே நின்ற இடத்திலெல்லாம் உனக்கு வரிசை நின்றது. புத்தகத்தில் உன் படம் வந்தது. ஒரு வெள்ளைக்காரர் மண்டபத்தைப் பார்க்க வந்து என் விளக்குமாற்றைக்கூட போட்டோ எடுத்துக்கொண்டு போனார். "உங்க பையன் சினிமாவுல வாசிக்கறானாக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்பறம் எப்பிடிப் பேரு வந்துச்சு?" என்பார்கள். நான் "பொண்ணு வராததுனால" என்பேன்.

போன மாதம் சென்னையில் நீ வாசித்தபோது எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தாய். ஒரு நாற்காலி காலி இல்லை. உன் அப்பா, "இன்னிக்கு எந்திரிக்க வேண்டாமில்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த மெதுவான பாட்டு வந்தது. நடுவில் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து, அன்றைக்கு ரெக்கார்டில் பதிந்த தெரசாவின் குரல் வந்தது, "ஐயோ, பொண்ணு வரலன்னு" என்று. கூட்டம் கைதட்டியது. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் வருவதற்கு முன்னாலேயே நீ வேகத்தைக் குறைத்துவிட்டாய். அவளுக்காகக் காத்திருந்தாய். அவள் பேசி முடித்ததும் அன்றைக்கு வாசித்ததையே வாசித்தாய். பஸ் ஸ்டாண்டில் நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடுகிற வண்டி மாதிரி இருந்தது. வெளியே வந்து "எப்பிடிம்மா?" என்றாய். "சட்டை நல்லா இருக்குது" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அதற்காக நீ கேட்டதை நான் செய்யாமல் விடவில்லை. தேதியைப் பேசினேன். சூசையைப் பிடித்தேன், அவர் மூலம் தெரசாவைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லி ஒரு ஒத்திகை வைத்தோம். உன் அப்பா மைக் செட்டில் உன் ரெக்கார்டைப் போட்டார். வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் புடவை எடுத்திருந்தார்கள். ஆண்கள் தலைக்கு மை அடித்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது, ஒருத்தரும் மூச்சு விடவில்லை, குடும்பப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சூசை மட்டும் எழுந்து நின்று, கோயிலில் வாசகம் படிக்கிற குரலில், "மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்?" என்றார்.

"ஏங்க, அன்னிக்கு உக்காந்துக்கிட்டுத்தான கேட்டீங்க?" என்றேன்.

"அன்னிக்குத் தெரியாமக் கேட்டன். இப்ப வெளிநாட்டுக்காரன் கேப்பானில்ல, தெளிவா இருக்கோணும்."

பின்னாலிருந்து ஒருத்தி, "நாங்க எப்ப பேசோணும்க்கா? கை காட்டுவீங்களா?" என்றாள். நான் தெரசாவைப் பார்த்தேன். உன் மெதுவான பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் பேச வேண்டிய இடத்தில் மைக் செட்டில் அவள் பழைய குரலே பேசிவிட்டுத் தாண்டிப் போனது. "என்னம்மா, ஒண்ணும் சொல்லல?" என்றேன். அவள் ரொம்பச் சங்கடப்பட்டாள்.

"என்னக்கா சொல்றது? அன்னிக்கு அந்தப் பையன் நெலமையைப் பாத்துச் சொன்னன். இப்ப நல்லாத்தான இருக்கறான்? போஸ்டர்ல பல்லக் காட்டிச் சிரிக்கறான். நல்லா இருக்கறவனப் பாத்து ஐயோ பாவம்னு எப்பிடி வாய் வரும்?"

உன் அப்பா பாட்டை நிறுத்திவிட்டார். நான் சொல்லி அவர் நிறுத்தவில்லை, என்னைக் கேட்டும் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் டீயும் பன்னும் கொடுத்தோம். பன் வந்ததும்தான் எல்லாருக்கும் வாய் திறந்தது, மண்டபம் இரைந்தது. அதுதான் நிஜச் சத்தம், ஆனால் அதில் உனக்கு எதுவும் இல்லை.

தம்பி, வழி தப்பி வந்தவர்களை மறுபடி வழி தப்ப வைக்க முடியாது. இப்போது அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்துவிட்டது, அதுதான் உன் கஷ்டம். அன்றைக்கு நீ கண்ணைத் திறந்தபோது எதிரில் இருப்பது யார், எதற்கு வந்தார்கள், ஏன் போகிறார்கள் என்று உனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமலே அவர்கள் காலடிக்கு வாசித்தாய். அதைத்தான் கடல் தாண்டி இருக்கிறவர்கள் கேட்டார்கள். தெரசாவின் தமிழ் அவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? அவளைக் கேட்டு அவர்கள் வரவில்லை, உன்னைக் கேட்டுத்தான் வந்தார்கள். இதை நம்பாமல் நீ ஒரு வேன் ஆளைத் தேடுகிறாய்.

மறந்துவிடுவார்கள் என்றால் மறக்கட்டும். உன்னை யாருக்குமே தெரியாதபோது இரண்டு ரெக்கார்டு போட்டவன் நீ. ஒன்று கிளி விரட்டியது, ஒன்று எங்களுக்கு முட்டி வலி கொடுத்தது, அப்படியும் மூன்றாவதுக்கு எருமையை லாரியில் ஏற்றினாய். அப்போது வராத பயம் சோறும் பேரும் வந்த பிறகு வருகிறது என்றால், அது கெட்ட பழக்கம். நகம் கடிக்கிற மாதிரி. அதை விட்டுவிடு. நாலாவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதே, கம்பெனிக்காரர்களையும் கேட்காதே. எங்கே வேண்டுமானாலும் போய் வாசி, யாரோடு வேண்டுமானாலும் வாசி. அந்தக் கன்னடத்துப் பையனையும் டிரம்ஸ் பெண்ணையும் மட்டும் விட்டுவிடாதே. கூட்டம் எழுந்து போனபோது அவர்கள் இரண்டு பேரும் கையை நிறுத்தவில்லை, நான் பார்த்தேன்.

நேற்று ஓனரிடம் போய்த் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூசைக்கும் சொல்லியாகிவிட்டது, அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். கம்பெனிக்கு நீ சொல்லிக்கொள். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று கோபம் வரும், வரட்டும். ஆனால் உடனே போனை எடுக்காதே. முதலில் போய் அந்தப் பியானோ முன்னால் உட்கார்ந்து, எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் சொல்லித் தீர். பக்கத்தில் அந்தத் தாடிக்காரர் இருந்தால் மிஷினைப் போட்டுவிடச் சொல். அதெல்லாம் முடிந்த பிறகும் கோபம் மிச்சம் இருந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு.